பழம்படு தேறல்: காஞ்சிக் கரையில் மது பழுத்த கதை

திராட்சை மதுவைச் சேமித்து வைப்பவர்களின் முதல் கவலை இடம் பற்றியது. செறிவான சிவப்பு ஒயினை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், பணம் இருந்தால் போதும். அதைப் பத்து, இருபது வருடம் வைப்பதற்கு 12-லிருந்து 14 டிகிரிக்குள் நிற்கும் ஓர் இருட்டறை வேண்டும். வெப்பம் ஏறி இறங்கக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. தக்கை காய்ந்துவிடாமல் குப்பியைப் படுக்கவைக்க வேண்டும். பிரான்சில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகள் இதற்கென்றே இருக்கின்றன. நம் காஞ்சிபுரத்தில் மே மாதம் 40 டிகிரி என்பது ஒரு செய்தியே இல்லை. அங்கே பீரோவுக்குள் ஒயினை வச்சா இரண்டு கோடை தாங்காது. பழவாசனை போய், வெந்த வாசனைதான் மிஞ்சும்.

கொடிக்கும் வயது பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009-ல் திராட்சைக் கொடிகளுக்குத் தரவரிசையே வகுத்தார்கள். 35 வருடம் தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டு கண்டது, 125-க்கு மேல் மூதாதை. வயதான கொடி குறைவாகக் காய்க்கும், அந்தக் குறைந்த பழத்தில் சாறு செறிவாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் துவர்ப்பு நிறைய இறங்கிய மது, இளமையில் நாக்கை இழுத்துப் பிடிக்கும். வருடங்கள் போகப்போக அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக அடியில் தங்கும். மேலே இருப்பது தெளியும், மென்மையாகும். நம் கம்பம் பள்ளத்தாக்கிலோ குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடிகள் உறங்குவதே இல்லை. கவாத்து செய்தவுடன் துளிர்த்து மறுபடி காய்க்கின்றன. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

ஆக, மதுவைப் பழுக்கவைத்துக் குடிப்பது குளிர்நாட்டுக்காரர்களின் வழக்கம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். பத்துப்பாட்டைத் திறந்தால் அந்த எண்ணம் நிற்காது. சிறுபாணாற்றுப்படையில் ஒரு சொல் வருகிறது: பழம்படு தேறல். நாள்பட்டுப் பழுத்த, தெளிந்த மது என்று பொருள். அதைச் செய்தவள் எயிற்பட்டினத்தின் மீனவப் பெண் ஒருத்தி.

இரண்டு பகல், இரண்டு இரவு

முதலில் பழுக்காத மதுவைப் பார்ப்போம். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது, 500 அடி. பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனிடம் காஞ்சிக்கு எப்படிப் போவது, வழியில் யார் யார் என்ன சாப்பாடு தருவார்கள் என்று சொல்கிறான். அதில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே சுட்ட பச்சை மீனோடு கிடைக்கும் மதுவை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் புலவர் படிப்படியாகச் சொல்லிவிடுகிறார்.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆற வைக்க வேண்டும். ஆறியதில் 'நல்லடை' என்ற ஒன்றைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். உறுதியான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும் வரை விளைய வேண்டும். பிறகு வெந்நீரில் அரித்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அவ்வளவுதான், மது தயார்.

இதில் ஒரு படிகூட வீண் இல்லை. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேரடியாகச் சாராயமாக்காது; முதலில் அதைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். திராட்சையில் சர்க்கரை தயாராக இருப்பதால் அந்த வேலை மிச்சம். தானியத்தில் மது செய்யும் ஒவ்வொரு சமூகமும் இந்த இடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். ஐரோப்பியர் பார்லியை முளைகட்டினார்கள். சீனரும் ஜப்பானியரும் அரிசியிலும் கோதுமையிலும் பூஞ்சை வளர்த்தார்கள். ஜப்பானில் அதற்குக் கோஜி என்று பெயர். நம் நல்லடையை நெல்முளை என்று கொள்வது உரை மரபு.

புலவர் அதற்குத் தரும் உவமை என்னை யோசிக்க வைக்கிறது. மேற்புறம் பூப்போல இருக்கும் அந்த அடையை, பாம்பு குடியிருக்கும் கரையான் புற்றின் உள்ளே இருக்கும் குரும்பியோடு ஒப்பிடுகிறார். குரும்பி என்பது கரையான்கள் பூஞ்சை வளர்க்கும் பஞ்சு போன்ற கூடு. புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கும். முளைவிட்டு, ஒன்றோடொன்று வேர் பின்னி, மேலே பூசணம் பூத்த நெல்லடை பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்திருக்கும். முளையும் பூஞ்சையும் சேர்ந்தே வேலை செய்த ஒரு முறையாக இது இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்தை விட்டுவிட்டாலும், புலவர் அந்தச் சாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பது உறுதி.

இது உடனே குடிக்கும் மது. பழைய சோறு மாதிரி. இன்றைக்குச் செய்தால் நாளை மறுநாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும், மூன்றாம் நான்காம் நாளில் புளித்துக் காடியாகிவிடும். வெப்ப நாட்டின் இயல்பே அதுதான். அதனால்தான் பழம்படு தேறல் என்ற சொல் முக்கியமாகிறது. யாரோ அந்த இயல்பை எதிர்த்து நின்றிருக்கிறார்கள்.

மண்ணும் மூங்கிலும்

எப்படி எதிர்த்தார்கள் என்பதற்குப் புறநானூற்றில் தடயங்கள் இருக்கின்றன. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிய கபிலரின் பாட்டில் (120) மது நிலத்தில் புதைத்துப் பழுக்க வைக்கப்படுகிறது. ஆய் அண்டிரனைப் பற்றிய முடமோசியாரின் பாட்டில் (129) குறவர்கள் வளைந்த மூங்கில் குழாய்க்குள் முதிர்ந்த தேறலைக் குடிக்கிறார்கள்.

மண்ணில் புதைப்பது ரொம்ப எளிய வழி. வேலையும் செய்யும். மேல்மண் எவ்வளவு கொதித்தாலும் சில அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியாது. காஞ்சிப் பக்கத்தில் அந்த ஆழமும் 12 டிகிரி ஆகாது. ஆனால் மதுவைக் கெடுப்பது வெறும் சூடு மட்டுமில்லை. ஏறி இறங்கும் சூடு, காற்று, வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் கெடுக்கின்றன. சூடு ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மண் தடுத்துவிடும். மூங்கிலின் கணு இயற்கையாகவே மூடிய குழாய். ஜார்ஜியாவில் இன்றும் பெரிய களிமண் தாழிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துத் திராட்சை மது செய்கிறார்கள். க்வெவ்ரி என்பார்கள். வேறு வேறு இடங்களில் மனிதர்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சொற்களும் இதற்குச் சாட்சி. பழம், பழுத்தல், பழமை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சொற்கள். கனி பழுப்பதைப் போலவே மதுவும் பழுக்கிறது. கள் விற்பவருக்கே பழையர் என்று ஒரு பெயர் அகராதியில் இருக்கிறது.

ருசியைச் சொல்லும் விதம் இன்னும் சுவாரஸ்யம். இன்று ஒயினைச் சுவைப்பவர்கள் 'கருப்பு நாவல்', 'தோல்', 'புகையிலை' என்று பட்டியல் போடுவார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் நாள்பட்ட தேறலைத் தேள் கொட்டும் கடுப்புக்கு ஒப்பிடுகிறார் (புறம் 392). சிறுபாணாற்றுப்படை அதைச் சீறும் பாம்புக்கு ஒப்பிடுகிறது. இரண்டுமே விஷம் உள்ள உயிர்கள், இரண்டுமே பாராட்டு! செறிவு என்றால் நம்மவர்களுக்குக் கடுப்பு. குடித்தவுடன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாட்டு இருக்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்று 56-ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த பெண்கள் ஊற்றித் தர மன்னன் குடிக்கிறான். அந்த மதுவுக்குத் தேளும் இல்லை, பாம்பும் இல்லை. குளிர்ச்சி, நறுமணம், இவ்வளவுதான் அடைமொழி. அயல்நாட்டுச் சரக்கை நம்மவர்கள் மூக்கால் ரசித்திருக்கிறார்கள், உள்ளூர்ச் சரக்கை நரம்பால்.

யவனர் சாடியில் என்ன இருந்தது?

'ரோமாபுரியிலிருந்தே நமக்கு ஒயின் வந்தது தெரியுமா?' என்று பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். வந்தது, உண்மைதான். எவ்வளவு வந்தது, என்ன மாதிரி மது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி அங்கே அகழாய்வு செய்தார். எலிசபெத் லைடிங் வில் அந்தத் துண்டுகளைப் படித்தபோது, அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் மதுச் சாடிகளும் அவற்றைப் போலச் செய்த சாடிகளும் முக்கியமாக இருந்தன.

கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். ரோமாபுரியின் காட்டோ தன் வேளாண்மை நூலில் அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். உப்பு மதுவைக் கெடாமல் வைக்கும். சாடியின் உட்புறம் பிசின் பூசியிருப்பார்கள், அதன் வாசனையும் மதுவில் இறங்கும். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றில் செப்டம்பர் வாக்கில் இந்தியா வந்து சேரும் கப்பல்களுக்கு இந்த மாதிரி மதுதான் சரி. செங்கடலின் வெயிலைத் தாண்டி வர வேண்டுமே! அன்றைய ரோமானியர் கொண்டாடிய மதுவும் இன்றைய ரசனைக்கு அந்நியமானதுதான். கி.மு. 121-ன் ஒப்பிமியஸ் ஆண்டு மது ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்தும் மிச்சமிருந்தது என்றும், அது கரடுமுரடான தேன் போல இறுகிவிட்டது என்றும் பிளினி எழுதுகிறார். தண்ணீர் கலக்காமல் அதைக் குடிக்கவே முடியாதாம்.

அளவு? கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், முசிறிக்குப் போகும் சரக்குகளில் மதுவும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்கிறது. அதாவது அரண்மனைக்கும், துறைமுகத்தில் தங்கிய யவனருக்கும் போதுமான அளவு. காஞ்சிக்குப் போகும் வழியில் பாணன் குடித்தது அரிசி மதுதான்.

காஞ்சிக்கு வருவோம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் காஞ்சிபுரத்தில் அகழாய்வு செய்தது. கூம்பு வடிவச் சாடிகள் கிடைத்தன. ஆம்போராவைப் பார்த்து உள்ளூரிலேயே வனைந்தவை என்று அவற்றைக் கருதுகிறார்கள். அதே சமயத்தில், பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. அங்கே சாடித் துண்டுகளோடு உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் வெளிவந்தன. பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து, மாமல்லபுரம் என்பது இன்னொரு கருத்து.

பிறகு வந்த ஆய்வு இந்தப் படத்தைக் கொஞ்சம் மாற்றியது. ராபர்ட்டா டாம்பர் இந்தியத் தளங்களின் 'ரோமானிய ஆம்போரா'த் துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவற்றில் கணிசமானவை மத்தியதரைக் கடலைச் சேர்ந்தவையே இல்லை. மெசபடோமியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த, உள்ளே நிலக்கீல் பூசிய, கைப்பிடி இல்லாத சாடிகள். டார்பிடோ சாடி என்று பெயர். காலத்தாலும் பிந்தியவை. ஓட்டுச் சில்லைப் பார்த்ததும் ரோமாபுரி என்று எழுதிவிட்ட அவசரம் இதில் தெரிகிறது. ரோமாபுரிப் பெருமை கொஞ்சம் குறைந்தாலும் காஞ்சியின் கதை இதனால் பெரிதாகிறது. கிரேக்கத் தீவு, பாரசீகம், உள்ளூர்க் குயவர் என்று பல பக்கத்துச் சாடிகள் இந்தக் கரையில் கலந்து கிடந்திருக்கின்றன. வெளிநாட்டுச் சாடியைப் பார்த்த குயவர், இது நல்லா இருக்கே, நாமும் செய்யலாம் என்று சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சாடியில் எந்த மது பழுத்தது என்பதற்கு எந்தப் பாட்டும் இல்லை.

விருந்திலிருந்து வரிப்பட்டியலுக்கு

இதே காஞ்சி பௌத்தருக்கும் சமணருக்கும் ஊர். குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. கதையின் முடிவில் காஞ்சிக்கு வந்து பசித்தவர்களுக்குச் சோறிடும் மணிமேகலையின் காப்பியத்தில், சாதுவன் நாகர்களுக்குக் கள்ளின் தீமையை எடுத்துச் சொல்கிறான். அதனால் பழந்தமிழர் எல்லாரும் குடியைக் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். கொண்டாட்டமும் கண்டனமும் இங்கே கூடவே வளர்ந்தவை.

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் எழுதுகிறான். மேடை காஞ்சி நகரம். சத்தியசோமன் என்ற காபாலிகன் துணைவி தேவசோமையோடு கள்ளுக்கடைக்குள் தள்ளாடி வந்து, அதை ஒரு வேள்விச் சாலையாகவே பார்க்கிறான். கடைக்கு முன்னால் நட்ட கம்பம் அவனுக்கு யூபத் தூண், மது சோமரசம், குடிகாரர்கள் வேதியர்கள். பிறகு கபாலப் பாத்திரம் காணாமல் போக, பௌத்த பிக்கு மேல் பழி விழுகிறது, கடைசியில் திருடியது ஒரு நாய் என்று தெரிகிறது. ஒரு மன்னன் தன் தலைநகரின் கள்ளுக்கடையை இவ்வளவு நெருக்கமாகக் கேலி செய்ய முடிந்தது என்பதே பெரிய விஷயம். ஆனால் இந்த மது காசு கொடுத்துக் குடிப்பது. வீட்டில் ஒருத்தி அரித்து, வந்தவருக்குக் கொடுத்த மது இல்லை.

பல்லவர் காலச் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் கள்ளிறக்குவோர் கட்டவேண்டிய ஈழம்பூட்சி வருகிறது. தறிக்கான வரியும் வருகிறது. காஞ்சியின் நெசவாளியும் கள்ளிறக்குபவரும் அரசின் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வரிகள். நெசவு தொடர்ந்தது, இன்றைக்கு ஊரின் பெயரே பட்டுக்குப் பெயர். மற்றத் தொழில் என்னானது?

கப்பலே நிலவறை

அதற்கு முன் ஒரு சிறு விலகல். வெப்பத்தோடு சண்டை போடாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொண்ட மது ஒன்று இந்தக் கரையில் நிறையக் குடிக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் மதேரா தீவில் நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டு வரும். கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து, பூமத்திய ரேகையைத் தாண்டிச் சென்னைக்கு வந்தபோது மது கெடவில்லை, ருசி கூடியிருந்தது. பிராந்தி கலந்து வலுப்படுத்தும் வழக்கமும் அதற்கு உதவியது. கடைசியில், இந்தியா வரை போய்த் திரும்பி வந்த பீப்பாய்க்கு ஐரோப்பாவில் தனி மதிப்பே ஏற்பட்டது. பிறகு தீவிலேயே சூடான அறைகள் கட்டி அந்தப் பயணத்தை நகல் எடுத்தார்கள்.

புதைத்த சாடி, உப்பும் பிசினும், கப்பலின் சூடு: வெப்ப நாட்டில் மதுவைப் பழுக்க வைக்க வழிகள் இருந்திருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாகத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. வைத்தவர், அது வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பியாக வேண்டும்.

பதுக்கும் சரக்கு பழுக்காது

அந்த நம்பிக்கைதான் போனது. 1886-ன் சென்னை ஆப்காரிச் சட்டம் மது செய்வதையும் விற்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, பிறகு மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம். 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறை விற்பனையும் முழுக்க அரசின் கைக்கு வந்தது. ஆலைச் சரக்கு சட்டப்படி சரி, பனையிலிருந்து இறங்கும் கள் சட்டப்படி குற்றம் என்ற விசித்திரத்துக்கு வந்து நிற்கிறோம்.

மதுவிலக்கைக் கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலியைக் குடித்துத் தீர்த்த வீடுகளின் பெண்கள்தான் அதைக் கேட்டார்கள், இன்றும் கடைகளுக்கு முன்னால் நின்று கேட்கிறார்கள். அவர்களிடம் போய் 'நாட்படு தேறல்' என்று பேசினால் விளக்குமாறுதான் பதில். கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. சொல்ல வருவது வேறு. ஒரு மது குற்றமாகும்போது முதலில் சாவது அதன் காலம். பதுக்கும் சரக்கை யாரும் பழுக்க வைக்க மாட்டார்கள். ரெய்டு வருவதற்குள் காய்ச்சணும், விடிவதற்குள் வித்தாகணும். பொறுமை, சுத்தம், சாடி, செய்பவரின் பெயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து, போதை மட்டும் மிஞ்சும். கடைசியில் நொதிக்க வைப்பதுகூடத் தேவையில்லை என்றாகிவிடும்.

2023 மே மாதம் அது நடந்தது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவ கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். சாராயத்தில் இருந்தது மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். எந்த அரிசியிலிருந்தும், எந்தப் பனையிலிருந்தும் வந்ததில்லை. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைத் தின்னும், பிறகு உயிரை.

மரக்காணம் என்ற பெயரை அந்தச் செய்தியில் படித்தபோது சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அலை ஒதுக்கிய வாசனை மரத்தை விறகாக்கி அங்கே அடுப்பு எரிகிறது. நுளையர் மகள் தேறலை அரிக்கிறாள். வழிப்போக்கனுக்குச் சுட்ட மீனோடு அதைக் கொடுக்கிறார்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்றுகூடப் புலவர் சொல்லிவிடுகிறார். எக்கியார்குப்பத்துச் சாராயத்துக்கு முகம் இல்லை. அது யார் கலந்தது, எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதை விசாரணை வைத்துத் தேட வேண்டியிருந்தது.

தேறல் என்றால் தெளிந்தது. வண்டல் கீழே தங்கி மேலே நிற்பது. தேறுதல் என்ற அதே சொல்லுக்கு நம்புதல் என்றும் ஒரு பொருள் உண்டு, ஆராய்ந்து பார்த்து ஒருவரை நம்புவது. எயிற்பட்டினத்தில் அந்தக் கிண்ணத்தை வாங்கிய பாணனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. பரோசாவில் நூறு வருடக் கொடிக்குப் பெயர்ப்பலகை வைத்து, குப்பியில் ஆண்டும் ஊரும் அச்சிடுபவர்கள் விற்பதும் அதைத்தான்: யார் செய்தது, எப்போது செய்தது, எவ்வளவு காலம் காத்திருந்தது. இந்த மூன்று கேள்விக்கும் அந்த மீனவப் பெண்ணிடம் பதில் இருந்தது.